வழுவும் வழுவமைதியும்: திறந்த மூல இயங்குதளத்தில் பழுது காணும் முறை

முன்னுரை

தமிழிலக்கணம் பயின்றோர் ‘வழு’ என்னும் சொல்லை நன்கறிவர். சொல் இலக்கண நெறியினின்று பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்து நிற்பது வழு. பிறழ்ந்ததேயாயினும் தக்கதொரு காரணம் பற்றி ஆன்றோரால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவினை எழுவகைப்படுத்தி இலக்கண நூலார் உரைத்தனர். கணினித் துறையில் ‘பக்’ என்று வழங்கும் பிழைக்குத் தமிழ்ப் பெயரொன்று வேண்டியபோது, அத்துறை சார்ந்த தமிழர் இப்பழஞ்சொல்லையே எடுத்தாண்டனர். பெயர் மட்டுமன்று, வழுவை இன்ன வகையினது என்று பிரித்தறிந்து, அதனை உரிய சொல்லால் எடுத்துரைக்கும் பழக்கமும் கணினிப் பழுது நீக்கத்திற்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘தமிழ்த்துறை மலரில் கணினிப் பழுதுக்கு என்ன இடம்?’ என்று கேட்போர் இருக்கலாம். கணினியின் வழுவில் பெரும்பகுதி, அது சரியாகச் சொல்லப்படாமையாலேயே தீர்க்கப்படாமல் கிடக்கிறது என்பதே நம் விடை. சொல்வது எப்படி என்று கற்பிப்பது மொழித்துறையின் பணியன்றோ?

நம் மாவட்டங்களும் மடிக்கணினியும்

தமிழக அரசு, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வாயிலாகக் கொள்முதல் செய்யப்பட்ட அக்கணினிகள், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர் கைகளையும் வந்தடைந்தன. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிட்டு வாழும் குடும்பங்கள் பலவற்றில், வீட்டிற்குள் நுழைந்த முதற் கணினி அதுவே.

தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட அக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று, ‘பாஸ்’ லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். சி-டாக் எனப்படும் நடுவண் அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு 2007-ஆம் ஆண்டு இதனை வெளிக்கொணர்ந்தது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆதலின் இது திறந்த மூல இயங்குதளம் எனப்படும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாளோடு நின்றன. அதன் பின்வந்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றில் அடுத்த பதிப்பை நிறுவ இயலாது. அவ்வாறாயின், இயந்திரம் நலமாக இருந்தும் இயங்குதளம் மூப்பெய்திய கணினிக்குக் கதி யாது? பணம் செலவின்றிப் புதுப்பித்துக்கொள்ளத்தக்க திறந்த மூல இயங்குதளமே அதற்குப் புத்துயிர் அளிக்க வல்லது.

ஆனால், நடப்பது வேறு. கம்பியில்லா இணையம் ஒருநாள் வராது போகும். அல்லது ஒலி எழாது. அல்லது திரை இருண்டுவிடும். உடனே, ‘இந்த லினக்ஸே இப்படித்தான்’ என்னும் தீர்ப்பு எழும். பெரம்பலூரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிக்குப் பேருந்தேறிச் சென்றால் ஒரு நாட்கூலி போகும். அங்கோ, உள்ளூரிலோ, யாரோ ஒருவர் அனைத்தையும் அழித்துவிட்டு, உரிமம் பெறாத வேறொரு படியை ஏற்றித் தருவார். அண்ணன் எழுதிய குறிப்புகளும் தங்கையின் படங்களும் அதனோடு அழியும். ஓராண்டில் அதுவும் நச்சுநிரல் புகுந்து முடங்க, கணினி பரணுக்கு ஏறும். 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அரசு அறிவித்தது. வழங்கப்படுவன நிலைத்துப் பயன்பட வேண்டுமாயின், பழுது காணும் அறிவும் அவற்றோடு உடன்வர வேண்டும்.

இயக்கி என்பது யாது?

பழுதை அறியுமுன், பழுதுபடும் உறுப்பை அறிதல் வேண்டும். இயங்குதளத்தின் நடுவே ‘கெர்னல்’ எனப்படும் உட்கரு உள்ளது. விசைப்பலகை, திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி என வன்பொருள்கள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசும். அம்மொழிகள் அனைத்தையும் உட்கரு தானே அறிந்திருப்பது அரிது. முற்காலத்தில் வெளிநாட்டு வணிகர்க்கும் உள்நாட்டு வணிகர்க்கும் இடையே நின்று இரு மொழியும் பேசிய துபாசியைப் போல, உட்கருவுக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று பேசும் நிரலே ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி. லினக்ஸ் உட்கருவின் மூலநிரலில் பெரும்பகுதி இயக்கிகளே என்பது இதன் பரப்பைக் காட்டும்.

இயக்கியோடு ‘ஃபர்ம்வேர்’ எனப்படும் நிலைப்பொருளையும் அறிதல் வேண்டும். சில வன்பொருள்கள் மின்சாரம் பெற்றவுடன் தாமே இயங்கா. அவற்றின் உள்ளே ஒரு சிறு நிரலை ஏற்றினால்தான் விழிக்கும். அச்சிறு நிரலே நிலைப்பொருள். துபாசி வந்து நின்றும், மறுபக்கத்தார் உறங்கிக்கொண்டிருந்தால் பேச்சு நடவாதன்றோ?

திறந்த மூல இயங்குதளங்களில் இயக்கிச் சிக்கல் மிகுதியாகத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. வன்பொருள் செய்வோர் பலர், தம் பொருள் பேசும் மொழியை வெளியிடாது மறைத்தனர். வரைகலை அட்டைகள் செய்யும் என்விடியா நிறுவனத்தை, லினக்ஸின் தந்தையாகிய லினஸ் டார்வால்ட்ஸ் 2012-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக அரங்கொன்றில் வெளிப்படையாகக் கடிந்துரைத்தது இதுபற்றியே. அந்நிறுவனமே 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் உட்கரு இயக்கியின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் வியப்பூட்டும் செய்தியொன்று உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததற்கே ஓர் அச்சுப்பொறி காரணமாயிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்குக் காத்திருப்போரின் திரையில் அச்செய்தி தோன்றுமாறு அதன் நிரலைத் திருத்தியிருந்தார். 1980-ஆம் ஆண்டையொட்டிப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதற்கும் அவ்வாறே செய்ய விழைந்தார். ஆனால் அதன் மூலநிரல் கிட்டவில்லை. அதனை வைத்திருந்த ஆய்வாளர் ஒருவரும், பிறர்க்குத் தருவதில்லை என வாக்களித்திருப்பதாகக் கூறி மறுத்தார். திருத்தத் தெரிந்தும் திருத்த உரிமையின்மை அவர் உள்ளத்தை உறுத்திற்று. 1983-ஆம் ஆண்டு அவர் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி மாணவராயிருந்த டார்வால்ட்ஸ் உருவாக்கிய உட்கரு அதனோடு சேர, இன்று நாம் லினக்ஸ் என வழங்கும் இயங்குதளம் முழுமை பெற்றது. ஆக, இயக்கி நிரலைத் திருத்த இயலாமையே திறந்த மூலத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று எனலாம்.

அடுக்கடுக்காய்க் காண்டல்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதிக்குச் சென்றோர், மழைநீர் அரித்த நிலத்தில் மண்ணடுக்குகள் ஒன்றன்மேலொன்றாய் அமைந்திருத்தலைக் கண்டிருப்பர். கடல்வாழ் உயிர்களின் தொல்லெச்சங்கள் அங்குக் கிடைக்கின்றன. அண்மையிலுள்ள சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரமும் உண்டு. நிலவியல் அறிஞர், எச்சம் ஒன்றைக் கண்டவுடன், ‘இஃது எவ்வடுக்கில் கிடைத்தது?’ என்றே முதலில் வினவுவர். அடுக்கு தெரியாவிடின் காலம் தெரியாது.

கணினிப் பழுதும் அத்தகையதே. மேலே நாம் பயன்படுத்தும் செயலி, அதன்கீழ் இயங்குதளத்தின் பொதுநிரல்கள், அதன்கீழ் உட்கரு, அதன்கண் இயக்கி, அதன்கீழ் நிலைப்பொருள், அதன்கீழ் வன்பொருள், அனைத்திற்கும் அடியில் மின்சாரம். பழுது மேலடுக்கில் தோற்றம் காட்டினும் அதன் வேர் கீழடுக்கில் இருக்கலாம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து, பின்னரே மருத்துவம் செய்யப் பணித்தார். தோற்றத்தைக் கண்டவுடன் மருந்திடுதல் அறிவுடைமை ஆகாது. இதற்கு நாம் கண்ட மூன்று எடுத்துக்காட்டுகளை ஈண்டுக் காண்போம்.

முதலாவது: ஜெயங்கொண்டத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர், தம் அண்ணன் பள்ளியில் பெற்ற மடிக்கணினியை நம்மிடம் கொணர்ந்தார். “ஐயா, இதில் வைஃபை வரவில்லை. அட்டை போய்விட்டது, அழித்துவிட்டு வேறு சிஸ்டம் போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள்” என்றார். “கடைசியாக எப்பொழுது வந்தது, அம்மா?” என்று கேட்டோம். சென்ற விடுமுறையில் உறவினர் ஒருவர், தம்மிடமிருந்த பழைய பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியதாகவும், அன்றுமுதல் வரவில்லை என்றும் விடையிறுத்தார். அவ்விடையிலேயே பாதி வழி திறந்தது.

கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தோம், இணையம் வந்தது. ஆகவே மேலடுக்குகளில் குறையில்லை. கம்பியில்லா இணைப்பு விசையால் அணைக்கப்பட்டுள்ளதா என்பதை ‘ஆர்.எஃப்.-கில்’ என்னும் கட்டளையால் நோக்கினோம், அணைக்கப்படவில்லை. ‘எல்.எஸ்.-பி.சி.ஐ.’ என்னும் கட்டளை, கணினியினுள் பொருத்தப்பட்ட உறுப்புகளின் பட்டியலைத் தரும். அதில் கம்பியில்லா அட்டையின் பெயர் இருந்தது. எனவே அட்டை இறந்துபடவில்லை. அதற்குரிய இயக்கியின் பெயரும் அருகே காணப்பட்டது. இறுதியாக, ‘டி-மெசேஜ்’ என்னும் கட்டளையால் உட்கருவின் குறிப்பேட்டைத் திறந்தோம். ‘இன்ன நிலைப்பொருள் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி அங்கு எழுதப்பட்டிருந்தது. அக்கணினி பல நாட்களாகத் தன் நோயைத் தானே எழுதிக்கொண்டிருந்தது, படிப்பாரைத்தான் காணோம்!

காரணம் இதுவே: மூலநிரல் திறக்கப்படாத நிலைப்பொருள்களை, டெபியன் தன் நிறுவல் தொகுப்பில் நெடுங்காலம் சேர்க்காதிருந்தது. 2022-ஆம் ஆண்டு அதன் உறுப்பினர் வாக்களித்து அக்கொள்கையை மாற்றினர். 2023-ஆம் ஆண்டு சூன் மாதம் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அவை சேர்க்கப்பட்டன. உறவினர் நிறுவியது அதற்கு முந்திய பதிப்பு. உரிய நிலைப்பொருள் தொகுப்பை நிறுவி, மறுபடி தொடக்கியதும் இணையம் வந்தது. செலவு ஏதுமில்லை, ஒரு கோப்பும் அழியவில்லை.

இரண்டாவது: அரியலூர்ப் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவரின் கணினி, இருபது நிமிடத்தில் தானே அணைந்துவிடும். இயங்குதளத்தை இருமுறை மாற்றியும் பயனில்லை என்றார். முந்தைய இயக்கத்தின் குறிப்புகளை ‘ஜர்னல்-கன்ட்ரோல்’ என்னும் கட்டளையால் படித்தோம். வெப்பம் எல்லை மீறியதால் கணினி நிறுத்தப்பட்டது என்னும் குறிப்பு அங்கு இருந்தது. திறந்து பார்த்தால், காற்றாடிக்கும் வெப்பந்தணிக்கும் தகடுகளுக்கும் இடையே பஞ்சு போலப் புழுதி அடைந்திருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓயாது ஓடும் சாலையோரத்து வீடு அவருடையது. மெல்லிய தூரிகையால் துடைத்து, பிசுபிசுப்பு வற்றிய வெப்பப் பசையை மாற்றியபின் கணினி அணையவில்லை. வன்பொருளின் புழுதி, மென்பொருளின் வழுவாகத் தோன்றியது.

மூன்றாவது: பெரம்பலூர் வட்டாரப் பள்ளி ஒன்றின் கணினி அறையில், பழைய கணினிகள் சிலவற்றில் எந்த இணையத்தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். இணையம் தந்தவரைக் குறைகூறினர் சிலர். உலாவியைக் குறைகூறினர் சிலர். திரையின் மூலையிலிருந்த நாளைப் பார்த்தோம். பல ஆண்டுகள் பின்னோக்கி இருந்தது. தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோனமையால், மின்சாரம் நின்றபோதெல்லாம் கடிகாரம் தொடக்க நாளுக்குச் சென்றுவிட்டது. இணையத்தளங்களின் சான்றிதழ்கள் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் எனக் காலவரையறை உடையன. கணினி தன்னைப் பழங்காலத்தில் இருப்பதாகக் கருதியமையால், அச்சான்றிதழ்களை ஏற்க மறுத்தது. 3 வோல்ட் மின்கலம் ஒன்றை மாற்றியதும் அனைத்தும் சீராயின. இலக்கணப் புலவர் இதனைக் காலவழு என்று நகைப்பர் போலும்!

இம்மூன்றிலும் இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுவதே முதல் மருந்தாகக் கூறப்பட்டிருந்தது. ஒன்றில்கூட அது மருந்தன்று என்பதை மாணவர் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

இருகூறாக்கும் முறை

குறிப்பேட்டில் தடயம் ஏதும் கிடையாதபோது என் செய்வது? ஐயத்திற்குரியவற்றை இருகூறாக்கி, ஒரு கூற்றை விலக்கிப் பார்த்தலே சிறந்த முறை. நினைவக அட்டைகள் இரண்டு இருப்பின், ஒன்றைக் கழற்றிவிட்டு இயக்குக. பென்டிரைவிலிருந்து இயங்கும் ‘லைவ்’ முறையில் மற்றொரு லினக்ஸைத் தொடக்கிப் பார்க்க. அதிலும் அதே பழுது தோன்றின், ஐயம் வன்பொருளின்பாற் செல்லும். தோன்றாவிடின், நிறுவப்பட்ட மென்பொருளின்பாற் செல்லும். காரணமின்றி இங்குமங்கும் நிரல்கள் விழுந்தால், இரவு முழுதும் நினைவகச் சோதனையை ஓடவிடுக.

உட்கருவைச் செப்பஞ்செய்வோரும் இம்முறையையே கையாளுகின்றனர். உட்கருவின் ஒரு பதிப்பிற்கும் அடுத்த பதிப்பிற்கும் இடையே பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட திருத்தங்கள் நிகழ்வது வழக்கம். பழைய பதிப்பில் இயங்கிய உறுப்பு, புதிய பதிப்பில் இயங்கவில்லையாயின், குற்றவாளியான ஒரு திருத்தத்தை எங்ஙனம் கண்டுபிடிப்பது? நடுவிலுள்ள நிலையை எடுத்துச் சோதிப்பர். அது நலமாயின் குற்றம் பிற்பாதியில், பழுதாயின் முற்பாதியில். மீண்டும் நடு, மீண்டும் சோதனை. பத்தாயிரம் திருத்தங்களுக்குப் பதினான்கு சோதனைகள் போதும். 2005-ஆம் ஆண்டு டார்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவியில் இதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. பெருந்தொகையைக் கண்டு மலைக்காமல் பாதியாக்கிப் பாதியாக்கிச் சுருக்குதல், கணினிக்கன்றி வாழ்க்கைக்கும் பொருந்தும் நெறியாம்.

வழுவுரை எழுதும் திறம்

இனி, நம் கையால் தீர்க்க இயலாத வழுவும் உண்டு. நம் மாணவர் ஒருவரின் மடிக்கணினியில், உட்கரு புதுப்பிக்கப்பட்டபின், உறக்க நிலையிலிருந்து எழுப்பினால் தொடுபலகை இயங்காது போயிற்று. தொடக்கப் பட்டியலில் பழைய உட்கருவைத் தேர்ந்தால் இயங்கியது. ஆகவே, வன்பொருள் நலமாயிருத்தலும், வழு புதிய உட்கருவின்கண் உள்ளமையும் தெளிவாயின. இதனை அதன் பராமரிப்பாளர்க்குத் தெரிவிக்கவேண்டும். உட்கருவின் மூலநிரலோடு, எந்த இயக்கிக்கு எவர் பொறுப்பு எனக் கூறும் பட்டியலும் வைக்கப்பட்டுள்ளது. மூடிய மென்பொருளில் நமக்குக் கிட்டாத நற்பேறு இது.

அம்மாணவர் முதலில் எழுதிய முறையீடு இது: ‘என் கணினியில் தொடுபலகை வேலை செய்யவில்லை. மிகவும் சிரமமாக உள்ளது. உடனே உதவவும்.’ இதனைப் படிப்பவர் என் செய்வார்? எந்தக் கணினி? எப்பொழுது வேலை செய்யவில்லை? எப்பொழுதுமா, சிற்சில வேளையா? துன்பம் இதில் உண்டு, செய்தி இல்லை.

நாம் அமர்ந்து திருத்தியபின் அஃது இவ்வாறு அமைந்தது: ‘இன்ன மாதிரிக் கணினி. இன்ன வெளியீடு. உட்கருவின் இன்ன பதிப்பில் வழு உண்டு. அதற்கு முந்திய இன்ன பதிப்பில் இல்லை. செய்முறை: கணினியைத் தொடக்குக, மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறக்க. எதிர்பார்த்தது: தொடுபலகை இயங்குதல். நிகழ்ந்தது: இயங்காமை, விசைப்பலகை இயங்குகிறது. பத்து முறை செய்ததில் பத்து முறையும் நிகழ்ந்தது. குறிப்பேட்டின் படி இணைக்கப்பட்டுள்ளது.’

இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை கணினியறிவால் மட்டும் வருவதன்று. உரைநடைத் திறத்தால் வருவது. யார், எது, எப்பொழுது, எவ்வாறு என்னும் வினாக்களுக்கு எஞ்சாமல் விடை கூறுதலும், கண்டதையும் கருதியதையும் கலவாமல் உரைத்தலும் உரைநடைப் பயிற்சியின் பாடங்களே. ‘தொடுபலகை கெட்டுவிட்டது’ என்பது கருத்து; ‘தொடுபலகையைத் தொட்டால் சுட்டி நகரவில்லை’ என்பது காட்சி. காட்சியையே முதலில் எழுத வேண்டும். பின்னர் வேண்டின் கருத்தைக் கூறலாம்.

சில நாள் கழித்து மறுமொழி வந்தது. அது விடையன்று, வினா. ‘இன்ன அமைப்பைச் சேர்த்துத் தொடக்கினால் இயங்குகிறதா?’ என்று கேட்டிருந்தனர். மாணவர் சோதித்து, ‘ஆம்’ என எழுதினார். பின்வந்த பதிப்பொன்றில் அவர் கணினிக்கு மட்டுமன்றி, அம்மாதிரிக் கணினி வைத்திருப்போர் அனைவர்க்கும் அக்குறை நீங்கியது. முகமறியாதார் பலர்க்கு, இச்சிற்றூர் மாணவரின் ஒரு பக்க உரைநடை பயன்பட்டது.

வழுவமைதி

அக்குறை நீங்கிய விதம் தமிழ் கற்றோர்க்குச் சுவை பயப்பது. வன்பொருள்கள் யாவும் வரையறுத்த விதிப்படி நடப்பதில்லை. சில மாதிரிகள் விதியினின்று பிறழும். விற்பனையான இலட்சக்கணக்கான கணினிகளைத் திரும்பப் பெற்று வன்பொருளை மாற்றுதல் இயலாது. ஆதலின் உட்கருவே, ‘இன்ன நிறுவனத்தின் இன்ன மாதிரியாயின், பொதுவிதியை விட்டு இவ்வாறு நடந்துகொள்க’ என்று சில பட்டியல்களை வைத்துள்ளது. விசைப்பலகையையும் தொடுபலகையையும் ஆளும் இயக்கியில் மட்டும் இத்தகைய மடிக்கணினி மாதிரிகள் பலவற்றின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் ‘குவர்க்’ என்று வழங்கும் இதனை, வழுவமைதி என்று நாம் அழைத்தால் பிழையாகாது. விதியும் மாறவில்லை; விதிமீறியவர் விலக்கப்படவுமில்லை; காரணம் காட்டி அமைத்துக்கொள்ளப்பட்டது.

ஆனால் ஒன்று: யாரேனும் ஒருவர் அம்மாதிரியின் பெயரைச் சரியாக எழுதித் தெரிவித்தாலன்றி அது பட்டியலில் இடம்பெறாது. நம் மாணவர் கைகளிலுள்ள கணினி மாதிரிகளைப் பற்றி நம் மாணவரே எழுதாவிடின், வேறு எவர் எழுதுவர்?

சில எச்சரிக்கைகள்

பழுது காணப் புகுமுன், முதன்மையான கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே செய்தால், எது தீர்த்தது என்பது விளங்காது. செய்தவற்றை நாள், நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுக. பொருள் விளங்காத கட்டளையை, யார் கூறினும், முழு அதிகாரத்தோடு இயக்கற்க. வட்டிலிருந்து விந்தையான ஒலி எழுந்தாலும், வட்டுச் சோதனை குறை காட்டினாலும், பிற ஆராய்ச்சிகளை நிறுத்திக் கோப்புகளைக் காப்பாற்றுக. மின்கலம் உப்பியிருப்பின் அதனைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. கணினியை அணைத்து, பழகியவரிடம் ஒப்படைக்க. இயலாததை இயலாது என உணர்தலும் அறிவின் ஒரு கூறே.

முடிவுரை

திறந்த மூலம் என்பது இலவசம் என்னும் பொருளுடையதன்று. திறந்த கதவு என்னும் பொருளுடையது. கதவு திறந்திருப்பினும் உள்ளே சென்று பேசத் தெரியாதவர்க்கு அது சுவரே. பேசுவதற்கு வேண்டுவன மூன்று: அடுக்கறிந்து காணும் பொறுமை, கணினி எழுதியதைப் படிக்கும் பழக்கம், கண்டதைக் கண்டவாறு எழுதும் உரைநடை. இம்மூன்றில் பின்னைய இரண்டும் மொழி சார்ந்தவை.

ஆதலின், நம் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து வாரம் ஒரு மணி நேரமேனும் பழுது காணும் அமர்வு நடத்தலாம். ஒவ்வொரு பழுதையும் தமிழில் எழுதி, தோற்றம், காரணம், தீர்வு என மூன்று தலைப்பில் ஒரு பதிவேடு பேணலாம். ஈராண்டில் அது நம் இரு மாவட்டங்களுக்கும் உரியதொரு கைந்நூலாக மலரும். சமுதாயப் பெரியோர்கள், தம் இல்லங்களில் பரண்மேற் கிடக்கும் கணினிகளை இவ்வமர்வுக்கு அனுப்பியுதவலாம். அழித்தல் எளிது, ஆராய்தல் அரிது. அரியதைச் செய்யும் மாணவர் கூட்டம் இவ்விரு மாவட்டங்களிலும் பெருகுமாயின், பரண் ஏறிய கணினிகள் மீண்டும் பாடமேசைக்கு இறங்கும்.

ஜெயங்கொண்டத்து மாணவி, இன்று தம் ஊர்ப்பிள்ளைகள் நால்வரின் கணினிகளைத் தாமே சீர்செய்து தந்திருக்கிறார். பழுதென்று எவர் வந்தாலும் அவர் கேட்கும் முதல் வினா, “கடைசியாக எப்பொழுது நன்றாக இருந்தது?” என்பதேயாம்.